அடுத்த வியாழனுக்கு ஒரு வேலை

பிச்சையா அண்ணாச்சியின் விலாசத்தை யாராவது கேட்டால் வண்டி நம்பரைத்தான் சொல்ல வேண்டும். வெள்ளை ஆம்னி வேன். வெள்ளை என்பது ஆர்.சி. புத்தகத்தில் மட்டும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பலகை போட்டிருந்தார். பலகைக்கு மேலே பாயும் தலையணையும். கீழே பர்னர், வாஷர், ரப்பர் டியூப், குக்கர் கைப்பிடி என்று டப்பா டப்பாவாகச் சாமான்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கொடி, அதில் இரண்டு கைலி, ஒரு துண்டு. குடும்பம், குடித்தனம் எல்லாம் அவ்வளவுதான்.

தொழில் கேஸ் அடுப்பு, குக்கர் ரிப்பேர். சொந்த ஊர் புளியங்குடி. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓட்டல் வேலைக்கென்று திருவனந்தபுரம் வந்தவர். சாலை பஜாருக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவி முத்தாரம்மாளோடு இருந்தார். பிள்ளை கிடையாது. அந்த அம்மாள் இறந்து ஐந்து வருஷமாகிறது. காரியம் முடிந்த மறுமாதமே அறையைக் காலி செய்துவிட்டு வண்டிக்குள் குடியேறினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கிறுக்கு புடிச்சிருக்கா அண்ணாச்சி உங்களுக்கு? மழையில எங்க போய் ஒதுங்குவீங்க?"

"அறையில படுத்தா நாலு செவரும் எட்டத்துல நிக்கி மைதீனு. வண்டின்னா கைய நீட்டுனா ரெண்டு பக்கமும் தொடுது. அதுல ஒரு ஆறுதல், பாத்துக்கோ."

எனக்கு ஸ்ரீவராகம் முக்கில் குடை ரிப்பேர் கடை. கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கிடப்பார். திங்கள் ஸ்ரீவராகம் தெருக்கள், செவ்வாய் கரமனை, புதன் நெடுமங்காடு, வியாழன் வித்துரா, வெள்ளி போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் லயங்கள், சனிக்கிழமை இறக்கம். வண்டி மேலே ஒரு ஸ்பீக்கர். "கேஸ் ஸ்டவ், குக்கர் நன்னாக்கிக் கொடுக்கும்" என்று அதில் ஒரு மலையாளத்துக் குரல் பாடிக்கொண்டே போகும்.

தனியாக இருக்கிறவர் பேச்சுக்கு என்னென்ன பாடுபடுவார் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். வருஷக்கணக்காக ஓட்டிய ரோட்டுக்குப் போனில் மேப் போட்டு வைப்பார். அந்தப் பெண்குரல் வலப்பக்கம் திரும்பச் சொன்னால், "சரி தாயி" என்று திரும்புவார். லோன் வேண்டுமா என்று கேட்டுப் போன் வரும் இல்லையா, நாமெல்லாம் சிடுசிடுத்துத் துண்டித்துவிடுவோம். இவர் அந்தப் பிள்ளைக்கு எந்த ஊர், சாப்பிட்டாச்சா, ஆபீஸில் ஃபேன் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். கடைசியில் அந்தப் பிள்ளையே, "அங்கிள், எனக்கு டார்கெட் இருக்கு" என்று வைத்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அவரிடம் வேறொரு வழக்கம் இருந்தது. அது எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் வேலையை முழுசாக முடிக்கமாட்டார். அடுப்பைத் துடைத்து, பர்னர் துளையெல்லாம் குத்தி, நீல ஜ்வாலை வரவைத்துக் காட்டிவிட்டு, "இந்தக் கால் ரப்பர் ஒண்ணு மாத்தணும், அடுத்த வாரம் கொண்டாறேன்" என்பார். அடுத்த வாரம் ரப்பர் மாட்டிவிட்டு, குக்கர் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, "ஒரு திருகு பாக்கி இருக்கு" என்பார். எங்கள் தெரு விஜயலக்ஷ்மி மாமி வாசலில் நின்று சத்தம் போட்டதை நான் கடையிலிருந்தே கேட்டேன்.

"ஏன்டாப்பா பிச்சையா, இது குக்கராக்கும், கோவில் தேரில்லை. நாலு வாரமா ஒரு கைப்பிடியை முறுக்கிண்டிருக்கியே!"

நான் வேறு மாதிரி நினைத்தேன். ஒரு தடவையில் வாங்குகிற கூலியை நாலு தடவையாகக் கறக்கிறார் என்று. விசாரித்தால், இரண்டாம் தடவை போவதற்கு அவர் காசே வாங்குவதில்லையாம். என் புத்தி அவ்வளவுதான்.

போன ஆனி மாசம். விடாத மழை. எனக்கு நல்ல நேரம், கம்பி ஒடிந்த குடைகள் கடை முழுக்கக் குவிந்து கிடந்தன. திங்கட்கிழமை காலை. அண்ணாச்சி என் கடை ஓரத்தில் குந்தி ஒரு பர்னரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து வந்த புட்டும் பயறும் பாதி தின்றபடி கிடந்தன. அவர் போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய். என்னையே எடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி, பிஜியாணு, வித்துரா. ஈ வியாழாழ்ச்ச வரண்டா. சுஜா ஆசுபத்திரியிலா."

"வர வேண்டாமா? ஐயோ, உங்க வீட்டம்மாவுக்கு என்னாச்சு?"

மழை இரைச்சல். அந்தப் பக்கம் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம். பிஜி கத்தினான்: "கேஸாணு அண்ணாச்சி, கேஸ்! இப்போ..." அத்தோடு போன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

அண்ணாச்சி கையிலிருந்த பர்னர் மண்ணெண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. முகம் சாம்பலாகிப் போயிற்று.

"மைதீனு, நான் கொன்னுட்டேன்ல."

"என்ன பேச்சு பேசுதீங்க? அடுப்பு நாலு இடத்துல ரிப்பேர் ஆவும். உங்க தலையிலயா விடியணும்?"

"உனக்குத் தெரியாது. நான் வித்துராவுக்குப் போறேன்."

எழுந்தவர் சாவியைத் தலைகீழாகப் போட்டு வண்டிக் கதவைத் திருகிக்கொண்டிருந்தார். இந்த லட்சணத்தில் மலை ரோட்டில் வண்டி ஓட்டினால் வித்துராவுக்கு அவர் போய்ச் சேரப் போவதில்லை. கடையை இழுத்துப் பூட்டிவிட்டு நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். குடைக்காரிகள் வந்து திட்டுவார்கள், திட்டட்டும்.

பேரூர்க்கடை தாண்டினோம். வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது, அதுவும் என் பக்கம் இல்லை. எட்டி எட்டிப் பார்த்து ஓட்டினேன். நெடுமங்காட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது அவராகவே ஆரம்பித்தார்.

"சுஜாவ உனக்குத் தெரியாதுல்லா. போனக்காட்டுப் புள்ள. அவ அப்பன் ஆயி எல்லாம் எஸ்டேட்ல கொழுந்து கிள்ளுனவங்க. இவ கட்டிக்கிட்டு வந்தது வித்துராவுல ரப்பர் வெட்டுத பிஜிய. வீட்டுல பூராவும் மலையாளம். நான் போனா, அண்ணாச்சி, உங்க கிட்டதான் நான் தமிழ்ல நாலு வார்த்த பேசுதேன்னு சொல்லும். கஞ்சி ஊத்தும். மரச்சீனிக் கெழங்கு அவிச்சு, தொட்டுக்கக் காந்தாரி மொளகா சம்மந்தி அரச்சுத் தரும். ஒரு மணி நேரம் இருப்பேன். அந்த ஒரு மணி நேரத்த வச்சு மிச்ச வாரத்த ஓட்டிருவேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"அதுக்குத்தான் வேல பாக்கி வக்கிறது. எல்லா வீட்டுலயும் அதுக்குத்தான். சோலி முடிஞ்சா பொறவு எதுக்குப் போறது? சும்மா போயி நின்னா, என்ன அண்ணாச்சின்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்லுவேன்?"

லாரி நகர்ந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் என் கடை வாசலில் கிடக்கிற மனிதர். வீட்டுக்குள் வந்து உட்காருங்கள் என்று நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"ஆனா ஒரு சத்தியம் வச்சிருந்தேன் மைதீனு. கால் ரப்பர், கைப்பிடி, விசிலு, லைட்டரு, இதுலதான் பாக்கி வப்பேன். கேஸ் வார பக்கத்துல கை வக்கமாட்டேன். டியூப்பு, வால்வு எல்லாம் அன்னைக்கே முடிச்சிருவேன்."

"பெறகு?"

"சுஜா வீட்டுல மூணு வருசமாச் செஞ்சு செஞ்சு ஒண்ணும் மிச்சமில்ல. கரண்டிக்கு வரக்கும் பிடி மாத்திட்டேன். போன வியாழன் எல்லாம் சரியா இருக்கு. தேடுதேன், தேடுதேன், ஒண்ணும் ஆப்புடல. வெளிய கொட்டுது மழ. வலது கைப்பக்கத்து வால்வு கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. கழத்தி கிரீஸ் போட்டா அஞ்சு நிமிச வேல. அடுத்த வாரம் போடுதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். காஞ்ச வால்வு கேஸ் கசியும் மைதீனு. எனக்குத் தெரியும். தெரிஞ்சே வந்தேன்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வண்டியை விரட்டினேன். அந்தப் பெண் பிழைத்தாலும் இது போலீஸ் வரை போகும், கேஸ் என்று பிஜி சொன்னது அதைத்தானோ என்றுகூட ஒரு பயம் வந்துபோனது. அவரிடம் சொல்லவில்லை. சுள்ளிமானூர், தொளிக்கோடு எல்லாம் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது.

வித்துரா சந்தைக்கு முன்னால் இடது பக்கம் ஒரு மண் ரோடு ஏறுகிறது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், மழை படாமலிருக்க வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டி நின்றன. முடிவில் ஓட்டு வீடு. கதவு பூட்டியிருந்தது. வண்டி நிற்பதற்குள் அண்ணாச்சி குதித்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். நான் போய்ப் பார்க்கும்போது சமையலறை ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"கரிஞ்ச வாட இல்ல. கேஸ் வாடயும் இல்ல. நீ பாரு மைதீனு."

நானும் மூக்கை வைத்தேன். சக்கை என்று இங்கே சொல்கிற பலாப்பழத்தின் வாசனைதான் குப்பென்று வந்தது. இரண்டு கிழட்டு ஆண்கள் ஒரு வீட்டு ஜன்னலை முகர்ந்துகொண்டு நிற்பதை யாராவது பார்த்திருந்தால் கட்டிவைத்து உதைத்திருப்பார்கள்.

அப்போது முன்பக்கம் ஆட்டோ வந்து நின்றது.

பிஜி குடையை விரித்துக்கொண்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சொந்தக் காலில் இறங்கி நடந்து வந்தாள். கையில் மருந்துக் கவர். அண்ணாச்சி அவள் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"எங்கம்மா பட்டுச்சு?"

"எந்து பட்டுச்சு?"

"தீ."

"தீயா? எந்தா அண்ணாச்சி, நனஞ்சு நிக்கிறீங்க? இன்னைக்குத் திங்களல்லே?"

"பிஜி சொன்னாரும்மா. கேஸுன்னு."

சுஜா புருஷனைப் பார்த்தாள். பிஜி எங்களைப் பார்த்தான்.

"அதே, கேஸ்தன்னே. ராவிலே நெஞ்சு வேதன. சுவாசம் முட்டுன்னு, முட்டுன்னுன்னு ஒரே கரச்சில். அட்டாக்கானோன்னு ஞான் பேடிச்சு போயி. ஈசிஜி எடுத்து. டாக்டர் பறஞ்சு, ஒண்ணுமில்லா, வயற்றில் கேஸ் கேறியதாணுன்னு. ரெண்டு மூணு திவசம் ரெஸ்ட் வேணும்னு. அதான் விளிச்சு, வரண்டான்னு பறஞ்சது. போனில் சார்ஜ் தீர்ந்து போயி."

"கேஸ்..." என்றார் அண்ணாச்சி.

"ராத்திரி சக்கப்பழம் திண்ணேன் அண்ணாச்சி," என்றாள் சுஜா, வெட்கத்தோடு. "பத்து பதினஞ்சு சொள இருக்கும்."

"முப்பது," என்றான் பிஜி.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினால், அண்ணாச்சி சுவரோடு சரிந்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "சக்கப்பழம், சக்கப்பழம்" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சைத் தடவினார். அந்த நிம்மதியை நான் என் வாழ்க்கையில் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. என் உடம்பிலும் ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். சுஜா பால் விடாத கட்டன் சாயா போட உள்ளே போனாள். நான் அவருக்குக் கண்ணைக் காட்டினேன், வாயை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று. அவர் கேட்டால்தானே!

"அம்மா, அந்த அடுப்பப் பத்தவைக்காத. எனக்கு ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ரப்பர், கைப்பிடி, திருகு, கடைசியில் வால்வு. சமையலறை வாசலில் தலையைக் குனிந்து நின்றுகொண்டு சொன்னார். புருஷனுக்குச் சுஜா பாதி மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வால்வு விஷயம் வந்ததும் அவளும் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டாள். ஆனால் பிஜிக்கு அதற்குள் விளங்கிவிட்டது.

"கேஸிலானோ தான் களிக்குந்நது?" குரல் உயர்ந்தது. "எடோ, இவளு வெளுப்பினு மூணு மணிக்கு எழுந்நேற்று லைட் இடும். ஞான் வெட்டினு போவும். ஒற்றய்க்காணு. வல்லதும் பற்றியால்?"

கேஸிலா விளையாடுகிறாய் என்கிறான். அவன் கேட்டது நியாயம். அதிகாலை இருட்டில் தனியாக எழுந்து சுவிட்சைப் போடுகிறவள் பெண்டாட்டி, கேஸ் கசிந்து கிடந்தால் அந்த ஒரு பொறி போதும். எவனாயிருந்தாலும் கை ஓங்கியிருப்பான்.

"தப்புதான் தம்பி. அடிச்சாலும் சரி."

சுஜா கையிலிருந்த சாயாப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்:

"கைப்பிடி விசயம் எனக்கு முதல்லயே அறியும் அண்ணாச்சி. ஒரு திருகு முறுக்க நாலு வாரம் எடுக்கிற மேஸ்திரி ஒலகத்துல உண்டா? சரி, வரட்டும்னுதான் விட்டேன். வியாழக்கிழமை அரிசி ஒரு பிடி கூடப் போடுறது பின்ன யாருக்காக்கும்? ஆனா வால்வுல வேண்டாம். அது எனக்கு மனசு வலிக்கி."

"இப்பவே போட்டுத் தாரேன்மா."

பெட்டியை எடுத்து வந்தார். முதலில் சோப்பு நுரையைத் தொட்டு வால்வைச் சுற்றித் தடவினார். நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு கொப்புளம்கூட எழவில்லை. கசியவே இல்லை. அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். ஆனாலும் கழற்றினார். பிஜி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே டார்ச் அடித்துக் காட்டினான். பழைய பிசுக்கைத் துணியால் துடைத்து, கிரீஸ் போட்டு, திருப்பிப் பூட்டி, மறுபடி நுரை தடவிப் பார்த்தார். டியூப்பைப் புதிதாக மாற்றினார். சிலிண்டர் வாஷரையும் மாற்றினார். திருகு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இறுக்கினார். கேஸ் அடுப்பு ஒன்று அவ்வளவு ஒழுங்காக இருந்து நான் கண்டதில்லை.

கஞ்சியும் பயறும் வந்தன. சுஜா சக்கைப்பழம் எடுத்து வைத்தாள், பிஜி அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டான். சாப்பிட்டு முடித்து அண்ணாச்சி பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். ஸ்பானரை வைத்தார், எடுத்தார், வேறு பக்கம் வைத்தார். கண் மட்டும் சமையலறையைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷெல்பைப் பார்த்தது, மிக்ஸியைப் பார்த்தது, தண்ணீர்க் குழாயைப் பார்த்தது. எல்லாம் சரியாக இருந்தன. அவரே சரி செய்தவை. அடுத்த வாரத்துக்கென்று சொல்ல வாயில் ஒரு சொல் இல்லை. பெட்டியை மூடினார்.

"அப்போ வாரேம்மா," என்றார்.

முற்றத்தில் மழை விட்டிருந்தது. வண்டிக் கதவை நான் திறந்தபோது பிஜி பின்னாலேயே வந்தான். இன்னும் கோபம் தீராத முகம். அண்ணாச்சியைப் பார்க்காமல், ரப்பர் மரத்தைப் பார்த்துப் பேசினான்.

"வியாழாழ்ச்ச மழயாணெங்கில் வெட்டில்லா. ஞான் வீட்டில் உண்டு. உச்சக்கு ஊணு கழிக்கான் வா."

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறான் என்றதும் அண்ணாச்சி திகைத்துப் போனார். "எது ரிப்பேரு தம்பி?"

"ஒண்ணும் இல்லா."

"மிக்ஸியா?"

"ஒண்ணும் இல்லான்னு பறஞ்சில்லே? பணி ஒண்ணும் இல்லா. வெறுதே வா." சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். வாசலில் நின்றிருந்த சுஜா சிரித்தாள்.

திரும்பும்போது அவரே ஓட்டினார். தொளிக்கோட்டில் ஒரு பலாமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"ஒண்ணுமில்லாததுக்கு வரச் சொல்லியிருக்காங்க மைதீனு."

"கேட்டேன் அண்ணாச்சி. நானும்தான் சொல்லுதேன், ஞாயித்துக்கிழம மத்தியானம் என் வீட்டுக்கு. ஒண்ணுமில்லாததுக்குத்தான்."

"சரி," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பவில்லை. ஏதோ பெரிய சிக்கலில் மாட்டிய ஆள் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்ன?"

"பெட்டிய என்ன செய்ய? கையில எடுத்துட்டுப் போகவா, வண்டியிலயே வச்சிரவா?"

"வண்டியிலயே இருக்கட்டும்."

"பொறவு அவுக வாசல்ல கைய எங்க வச்சுக்கிட்டு நிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டிருந்தார்.